முகூர்த்தத்துக்கும் கடைசிப் படகுக்கும் நடுவே

நயினாதீவு,
ஆனி மாதம்.

அன்புள்ள பெறாமகளுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது.

ஆவணியில் நம் வளவில் நடக்கவிருக்கும் உன் விவாகத்துக்கென நீ ரொறன்ரோவிலிருந்து எழுதியனுப்பிய நிகழ்ச்சி நிரலை நானும் உன் பெரியம்மாவும் ஆறுதலாக இருந்து வாசித்தோம். தோய வார்ப்பது முதல் மாப்பிள்ளை வீட்டில் ஆரத்தி எடுப்பது வரை ஒரு சடங்கையும் நீ மறக்கவில்லை என்பது எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். ஆயினும் படம் எடுப்பதற்கென்று தனியாக ஒரு நாழிகையேனும் அதில் குறிக்கப்பட்டிருக்கக் காணோம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து இரண்டு படப்பிடிப்பாளர்களைப் பெருந்தொகை கொடுத்து ஒழுங்கு செய்திருக்கிறாய்; அவர்களுக்கு நேரத்தைக் கொடுக்கவில்லை. அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

படம் எடுப்பது ஆடம்பரம் என்று நினைக்கும் முதியவர்களில் நான் ஒருவனல்லன். 1990ஆம் ஆண்டில் தீவுப்பகுதியில் யுத்தம் மூண்டு ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, காணி உறுதியையும் நகையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள், சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டுமென்று எண்ணவில்லை. எண்ணியவர்களுக்கும் கையில் இடமிருக்கவில்லை. பட்டினத்திற் போய்த் தங்கியவர்கள் அங்கே சேர்த்து வைத்த மிச்சத்தையும் 1995 ஐப்பசியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது இழந்தார்கள். உன் அப்பப்பாவின் முகத்தை நீ அறியாய். அவருடைய கல்யாணப் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இந்த வீட்டு முன்மண்டபத்தில் இருந்தது என்பதை அறிந்த நாங்கள் இன்னும் சிலரே இருக்கிறோம். அவர் தலைமுறையினர் யாவரும் ஊரிலேயே இருந்தார்கள். நாளைக்கும் ஒருவரையொருவர் காணலாம் என்றிருந்தார்கள். உங்கள் தலைமுறையோ கனடாவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் சிதறிக் கிடக்கிறது. உன் விவாகத்தன்று ஒரே பந்தலின் கீழ்க் கூடப்போகும் பந்துமித்திரர் அனைவரும் இனி ஒருமுறை அவ்வாறு கூடுவார்கள் என்று சொல்ல எவராலும் இயலாது. ஆகையால் அன்றைய படங்களிற் பிரதானமானவை அந்தக் கூட்டத்தின் படங்களே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். நீங்கள் இருவரும் கடற்கரையில் நிற்கும் படம் அதற்கு அடுத்தது.

ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில் விவாகம் நடந்தால் ஓர் அரை மணி நேரம் பிந்தியதை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். இங்கே முகூர்த்தமும் படகும் வெயிலும் எவருக்காகவும் காத்திரா. குருக்கள் குறித்துத் தந்திருப்பது புதன்கிழமை காலை 9.20 முதல் 10.50 வரையான சுபமுகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை வழியாக வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்கு வந்து, குறிகட்டுவான் துறையில் படகேறிக் கால் மணி நேரத்துக்குக் குறையாமற் கடலிற் பிரயாணம் செய்தே இங்கு இறங்க வேண்டும். சோழகம் வீசும் மாதமாகையால் காலையில் அடங்கியிருக்கும் கடல் பிற்பகலில் அப்படியிராது. அவர்கள் எட்டு மணிக்கு முன்பே இறங்குதுறைக்கு வந்துவிடுவது எல்லாவற்றுக்கும் நன்மை. அன்று பௌர்ணமி அல்ல என்பதைப் பஞ்சாங்கத்திற் பார்த்துக்கொண்டேன். பௌர்ணமியாயின் நாகவிகாரைக்கு வரும் யாத்திரிகர்களால் துறையில் நிற்க இடமிராது.

படப்பிடிப்பாளர்கள் முதல்நாள் மாலையே இங்கு வந்து தங்கட்டும். படுக்கையும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அன்று காலை முதற் படகில் வந்தால் விடியல் வெளிச்சம் அவர்களுக்குக் கிட்டாது. உன்னைத் தோய வார்ப்பதை நாலு மணிக்கே முடித்து, மூன்று மணி நேரத்தில் அலங்காரத்தையும் முடித்துவிட வேண்டும். அலங்காரம் செய்ய வருகிறவர் ஏழு மணி என்றால் எட்டு மணியாக்குவது வழக்கமென்று கேள்வி. ஆகையால் ஆறரைக்கே முடிக்க வேண்டுமென்று அவருக்குச் சொல்லிவை. ஏழேகாலுக்கு நீ ஆயத்தமானால், வெயில் உறைக்கத் தொடங்குமுன் முற்றத்து வேப்பமர நிழலில் உன் தனிப்படங்களையும், அப்பா அம்மாவுடன் நிற்கும் படங்களையும் அரை மணி நேரத்திற் பதறாமல் எடுத்துக்கொள்ளலாம். அந்நேரத்தில் மற்றப் படப்பிடிப்பாளர் துறைக்குப் போகட்டும். தலைப்பாகையுடன் மாப்பிள்ளை படகிலிருந்து இறங்கி, நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்ல ஊருக்குள் வருகிற காட்சி வேறெந்த ஊர்க் கல்யாணத்திலும் கிடையாது. படகில் வரும்போது படத்துக்காக எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து நிற்கக் கூடாதென்று மாப்பிள்ளையின் தோழருக்கு இப்போதே சொல்லிவை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மணவறையில் நடப்பவற்றுக்கு நீ வேறாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. உன் தம்பி மாப்பிள்ளையின் கால் கழுவி மோதிரம் பெறுவதும், கன்னிகாதானமும், தாலி ஏறுவதும், அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பதும் தத்தம் கிரமத்தில் நடக்கும். படம் பிடிப்பவர்கள் அவற்றைத் தொடர்ந்து வரட்டும். ஆனால் தாலி கட்டும் வேளையில் படப்பிடிப்பாளர்களின் முதுகையன்றி வேறொன்றையும் சபையோர் காணாத விவாகங்களுக்கு அண்மையிற் போய்வந்து மனம் வருந்தியிருக்கிறேன். சரியாகப் பதியவில்லை என்று குருக்களை நிறுத்தி, கட்டிய தாலியை மறுபடி கட்டுவதுபோற் காட்டச் சொல்வது அதிலும் பெரிய அபசாரம். இருவரும் மணவறைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தே எடுக்க வேண்டுமென்று முன்கூட்டியே பேசிவை. குருக்களையும் அவர்களையும் முதல்நாள் இரவு ஓரிடத்தில் இருத்திக் கதைக்கச் செய்வது என் வேலை. இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. கூறையை வாங்கிக்கொண்டு நீ உள்ளே போய் உடுத்து வருவதற்கு அரை மணி நேரம் ஆகும். சபை சும்மா காத்திருக்கும் அந்த அரை மணியில் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்களின் முகங்களை ஒருவர் எடுத்து முடிக்கலாம்.

அடுத்தது ஆசீர்வாதம். முந்நூறு பேர் ஒவ்வொருவராக அறுகரிசி தூவி, உங்களருகே நின்று படமும் எடுப்பதானால், ஆளுக்கு அரை நிமிடம் வைத்தாலும் இரண்டரை மணி நேரம் போய்விடும். குடும்பம் குடும்பமாக வரச் சொன்னால் ஐம்பது குடும்பத்துக்கு ஒரு மணி நேரமே போதும். பட்டினத்துக்கும் வன்னிக்கும் அன்றே திரும்ப வேண்டியவர்கள் படகை நினைத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களை முதலில் அழைத்து, முதற் பந்தியில் உட்கார்த்திவிட வேண்டும்.

புதன்கிழமையில் 12 மணி முதல் 1.30 வரை இராகுகாலம். அந்நேரத்தில் உங்களை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எங்கள் பெரியவர்கள் எவரும் சம்மதிக்கமாட்டார்கள். நீ அந்த ஒன்றரை மணியை நிரலில் வெறுமையாக விட்டிருக்கிறாய். எவரும் புறப்பட இயலாமல், எல்லோரும் ஒரே வளவில் இருக்கும் அந்த வேளையையே குடும்பப் படங்களுக்கென்று நிச்சயித்துக்கொள். முதலில் நீங்கள் இருவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து இளநீர் குடித்து இளைப்பாறுங்கள். விடியற்காலை முதல் ஒன்றும் உண்ணாத பெண்ணின் முகம் எந்தக் கமராவிலும் வாடியே தெரியும். உச்சி வெயிலில் முற்றத்தில் நின்றால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும்; வடக்குப் பார்த்த விறாந்தையில் வெளிச்சம் சீராக இருக்கும். அங்கே வாங்குகளைப் போட்டுவைக்கிறேன். பதினைந்து கூட்டங்களுக்கு மேற்படாமல் ஒரு பட்டியல் எழுது; ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் வைத்தால் முக்கால் மணியில் முடியும். இரு பக்கத்து உறவையும் முகம் பார்த்தே அறிந்த ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். படப்பிடிப்பாளருக்கு உன் மாமியாரையும் தெரியாது, மாமியாரின் தமக்கையையும் தெரியாது. நடக்க முடியாத முதியவர்களின் படம் முதலாவதாக எடுக்கப்படட்டும். கடல் தாண்டி வரமுடியாத உன் அம்மம்மாவை மறுநாள் வேலணையில் அவர் வீட்டுக்கே நீங்கள் கூறையுடனும் மாலையுடனும் போய்ப் பார்த்து, அங்கே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனோடு ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்கிறேன். கணவனை இழந்தவர்கள் மங்கல காரியத்தில் முன்னே நிற்கக் கூடாதென்று ஒரு வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. யுத்தத்தில் கணவனைப் பறிகொடுத்து, தனியே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். உன் சின்னம்மா அவர்களுள் ஒருத்தி. அழைத்தாலும் அவள் தூணுக்குப் பின்னாற் போய் நிற்பாள். நீ உன் கையால் அவளைப் பிடித்துக்கொண்டு வந்து உன் அருகே நாற்காலியில் இருத்த வேண்டும். மறுத்துப் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சமையல் செய்தவர்களும், பந்தல் போட்டவர்களும், படகோட்டியும் சேர்ந்து ஒரு படம் இருக்க வேண்டும். அதையும் பட்டியலில் எழுது.

ஒன்றரைக்கு மேல் நாகபூஷணி அம்மன் கோயிலடிக்குப் போய் வாசலிற் கும்பிட்டு, அங்கிருந்து துறைக்குப் போகலாம். கோயிலுக்குள்ளே படம் வேண்டாம். மூன்று மூன்றரைக்கு ஊர்காவற்றுறையில் ஆரத்தி முடிந்தால், ஐந்து மணி முதல் ஆறு மணிவரை உங்கள் இருவருக்கும் சொந்தமான நேரம். வெயில் தணிந்து வெளிச்சம் பொன்னிறமாகும் அந்த வேளையில், கடலுக்கு நடுவே கடற்கோட்டை தெரியும் கரையில் நீங்கள் ஆசைப்பட்ட படங்களை எடுங்கள். இரவு மாப்பிள்ளை வீட்டிலே தங்குவதென்று இரு பகுதியாரும் சம்மதித்திருப்பதால் படகை எண்ணிப் பதற வேண்டியதில்லை. ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியை அவர்கள் முன்னரே பெற்றிருக்க வேண்டும். சோழகத்தில் அது கடலில் விழுந்தால் மீட்கவும் முடியாது.

நெடுந்தீவுக் குதிரைகளோடும் பெருக்கமரத்தடியிலும் பவளக்கல் மதில்களோரமும் படம் எடுக்க வேண்டுமென்று எழுதியிருந்தாய். அழகான எண்ணந்தான், ஆனால் குறிகட்டுவானிலிருந்து அங்கே போகவே ஒரு மணி நேரம் வேண்டும், படகும் நாளுக்குச் சிலவே. நாலாம் சடங்கு கழிந்தபின் ஒருநாள் முழுவதையும் அதற்கு ஒதுக்கு. குதிரைகளைத் துரத்தி ஓடவிட்டுப் படம் எடுக்கவும் வேண்டாம். வரட்சியான மாதத்தில் அவை தண்ணீருக்கே அலைகின்றன.

படங்கள் கைக்கு வந்தபின் அவற்றைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திராமல் அச்சிட்டு, பின்புறத்தில் ஒவ்வொருவர் பெயரையும் உறவு முறையையும் பென்சிலால் எழுதி, ஒரு தொகுதியை உன்னிடமும் ஒன்றை மாப்பிள்ளை வீட்டிலும் ஒன்றை இங்கேயுமாக மூன்றிடத்தில் வை. உப்புக்காற்றில் படம் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே இருப்பதை நான் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துவேன்.

இவற்றையெல்லாம் மாப்பிள்ளையோடும் கலந்துபேசி, நிரலைத் திருத்தி, பதினைந்து கூட்டங்களின் பட்டியலோடு ஆடி பிறக்குமுன் எனக்கு அனுப்பு. படகுக்காரரோடும் குருக்களோடும் நான் பேசிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.