கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு: சைமன் காசிச்செட்டி ஏறிய சபை

கோல்புறூக் அரசியற் சீர்திருத்தம் என்றதும் 1833 என்ற ஆண்டையும், உத்தியோக உறுப்பினர் ஒன்பது பேர், உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேர் என்ற எண்ணிக்கையையும் மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றோம். அந்த ஆசனங்களில் அமர்ந்தவர்கள் எந்த ஊரவர், எவ்வளவு தூரம் கடந்து கொழும்புக்குச் சென்றார்கள் என்று கேட்பதில்லை. அவர்களுள் ஒருவர் கற்பிட்டியில் பிறந்தவர். எமது பெற்றோர் பலர் இடம்பெயர்ந்து வாழ்ந்த அதே கற்பிட்டிதான்.

சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு பிறந்தார். பல மொழிகள் அறிந்த இவர், இளவயதிலேயே புத்தளத்தில் அரசாங்க சேவையில் சேர்ந்தார். 1834இல் இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள் பற்றிய விபரங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். 1838இல் சட்ட நிரூபண சபையின் தமிழ் உறுப்பினராக நியமனம் பெற்றார். அந்த ஆசனத்தில் முதலில் இருந்த குமாரசுவாமி முதலியார் 1836இல் காலமாகியிருந்தார்.

அக்காலத்தில் இலங்கையில் புகையிரதம் இல்லை. முதலாவது புகையிரதப் பாதை 1860களில்தான் வந்தது. புத்தளத்துக்கு அது வர 1926 ஆயிற்று. கற்பிட்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். அத்தூரத்தைக் கடக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நீர்வழி: புத்தளம் களப்பில் வள்ளம் ஏறி, ஒல்லாந்தர் கால்வாய் வழியே சிலாபம், நீர்கொழும்பு கடந்து செல்வது. மற்றையது கரையோரப் பாதை: மாட்டு வண்டியிலோ பல்லக்கிலோ சென்று, தெதுறு ஓயாவையும் மகா ஓயாவையும் தாண்டுவது. கொழும்பின் வாசலில் களனி கங்கையைக் கடக்க, படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதக்கும் பாலம் இருந்தது. எவ்வழியில் சென்றாலும் அது ஒரு நாளில் முடியும் பயணம் அன்று.

இவ்வளவு தூரம் சென்றவருக்குக் கிடைத்த அதிகாரம் எவ்வளவு? ஆறு ஆசனங்களில் மூன்று ஐரோப்பியருக்கு உரியவை. சிங்களவருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று. உறுப்பினரை மக்கள் தெரிவு செய்யவில்லை, தேசாதிபதியே நியமித்தார். சபையின் மொழி ஆங்கிலம். ஆறு பேரும் ஒன்றாக நின்றாலும் ஒன்பது பேரை வெல்ல முடியாது. ஆகவே அந்த ஆசனம் ஆளும் உரிமையைத் தரவில்லை. பேசும் உரிமையை மட்டுமே தந்தது. என்றாலும் அங்கு இயற்றப்பட்ட சட்டங்கள் மக்கள் வாழ்வைத் தொட்டன. 1844இல் இலங்கையில் அடிமைமுறையை முற்றாக ஒழித்த சட்டம் நிறைவேறியபோது தமிழர் ஆசனத்தில் இருந்தவர் காசிச்செட்டியே.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், மட்டக்களப்பு என்று பரந்து வாழ்ந்த தமிழ் பேசும் மக்கள் அனைவருக்கும் அந்த ஒரே ஆசனம்தான். முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் இருக்கவில்லை. 1889ஆம் ஆண்டிலேயே எம். சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சபை தோன்றி 56 ஆண்டுகள் சென்ற பின்னரே அக்கதவு எமக்குத் திறந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஆசனம் இருந்தால் மட்டும் போதுமா? 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பாராளுமன்றத்தில் முஸ்லிம் உறுப்பினர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் கையில் எடுத்த சிறு பொதியுடன் எமது மக்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மீண்டு வந்தபோது காணி உறுதி எங்கே, எல்லை எது, கிணறு எவருடையது என்ற கேள்விகள் எழுந்தன. வாயால் சொன்னதை ஏற்க ஆளில்லை. எழுத்து இருந்தவர்களுக்கே வழி கொஞ்சம் இலகுவாயிற்று.

இதனால்தான் காசிச்செட்டியின் சபைப் பதவியைவிட அவரது பேனாவையே நான் பெரிதாக மதிக்கின்றேன். 1845இல் அவர் சபையை விட்டு நீங்கினார். அங்கு அவர் வகித்த ஆசனம் பிறரிடம் சென்றது. அவர் எழுதிவைத்த ஊர்ப் பெயர்களும், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறாக அவர் வெளியிட்ட நூலும் இன்றும் பயன்படுகின்றன. ஒளவையாரைப் பற்றி அந்நூலில் ஆங்கிலம் அறிந்த உலகுக்கு அவர் எடுத்துச் சொன்னார்.

மாணவிகளே, இப்பாடத்தைப் படிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். இலங்கைப் படத்தில் கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு ஒரு கோடு வரையுங்கள். பின்னர் உங்கள் உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்டு, உங்கள் குடும்பம் ஊரை விட்டுச் சென்ற வழியையும் திரும்பி வந்த வழியையும் வரையுங்கள். தங்கிய இடங்கள், பள்ளிவாசல், கிணறு, திகதி எல்லாவற்றையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது “அதெல்லாம் இப்ப ஏன்?” என்று தட்டிக்கழிக்காதீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும்போதே சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும்.