முதல் எலெக்ரிக் கிற்றார் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ ரயிலேறிப் போய்த்தான் கிற்றார் வாங்க வேண்டியிருக்கிறது. போக முன்னம் பிள்ளைகள் கேட்பது எந்தக் கம்பனி, என்ன நிறம் என்பதைத்தான். எத்தனை கிலோ என்று ஒருவரும் கேட்பதில்லை. கோயில் திருவிழா மேடையில் மூன்று மணித்தியாலம் நிற்கும்போது தோள் அந்தக் கேள்வியைக் கேட்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

1. வன்னியில் நாங்கள் மரத்தைப் பாரத்தால் மதித்துப் பழகியவர்கள். முதிரை, பாலை என்றால் தூக்கிப் பார்த்தே நல்ல மரம் என்று சொல்லிவிடுவோம். கதவு நிலைக்கு அது சரி. எலெக்ரிக் கிற்றாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும்தான் அது. மேலே உருக்குக் கம்பி அதிர, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பாரம் கூடினால் நாதம் கூடும் என்று கடையில் சொன்னால் அதற்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள். பாஸ்வுட், பொப்ளர் போன்ற மென்மையான மரங்களில் செய்தவை முதல் கிற்றாருக்குத் தாராளமாகப் போதும்.

2. மீன் நிறுக்கும் தொங்குதராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வெட்கப்பட வேண்டாம். 3 கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது, மூன்றரை வரை சமாளிக்கலாம், 4 கிலோவைத் தாண்டினால் திருப்பி வையுங்கள். 1952இல் வந்த கிப்சன் லெஸ் போல் கிற்றார் பலருக்கும் கனவு. அதன் பாரமும் பேர்போனது. அதே கம்பனி 1961இல் உடலை மெல்லியதாக்கி வேறு வடிவம் கொடுத்தது. அதுதான் பின்னர் எஸ்ஜி என்று பெயர் பெற்றது. ஒரே மாடலில்கூட ஒன்றுக்கொன்று எடை வித்தியாசப்படும். ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் எடையை நம்பாமல், நீங்கள் வாங்கப்போகும் அந்தக் கிற்றாரையே நிறுத்துப் பாருங்கள்.

3. தோள்பட்டியை மாட்டி நின்று இரண்டு கையையும் விடுங்கள். நெக் நிலத்தை நோக்கிச் சரிந்தால் அந்தக் கிற்றார் வேண்டாம். உடல் மிக இலேசாகி, தலைப்பக்கம் கனத்தால் இப்படி நடக்கும். இடது கை வாசிப்பதை விட்டுத் தாங்கத் தொடங்கிவிடும்.

4. இது எங்கள் ஊருக்கென்றே சொல்வது. தோளில், முதுகில் போரில் பாய்ந்த செல் துண்டோடு வாழ்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். விரல் இழந்தவர்களும் இருக்கிறார்கள். ‘எனக்கு இனி ஏலாது’ என்று அவர்களில் யாராவது சொன்னால் கிற்றார் வாசிப்பாளர் ரொனி அயோமியைப் பற்றிச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பேர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் 17 வயதில் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. அவர் இடக்கை வாசிப்பாளர். கம்பியை அழுத்துகிற விரல்களே அவை. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். மெல்லிய கம்பி கிடைக்காத காலத்தில் பான்ஜோக் கம்பியைப் போட்டு வாசித்தார். பிறகு பிளாக் சபத் என்ற ரொக் இசைக் குழுவோடு உலகம் அறிந்தவரானார். அவர் கையில் இருந்ததும் அந்த எஸ்ஜிதான். இன்று ‘ஒன்பது’ என்ற அளவைக் கேட்டாலே மெல்லிய கம்பித் தொகுதி தருவார்கள். கம்பியின் நீளமும் முக்கியம்: 648 மில்லிமீற்றர் நீளமுள்ள ஃபெண்டர் வகையைவிட 628 அளவிலுள்ள கிப்சன் வகையில் இழுவை குறைவு. அரைச் சுருதி இறக்கினால் இன்னும் இளகும். சிறு பிள்ளைகளின் விரலுக்கும் இதே கணக்குத்தான்.

5. ஆட்டும் கைப்பிடி உள்ள பிறிட்ஜ் வேண்டாம். அதன் அடியிலுள்ள உலோகக் கட்டி பாரம், சுருதியும் எளிதில் கலையும். அசையாத பிறிட்ஜ் எடுங்கள்.

6. விலை. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் எதுவும் பழைய விலையில் இல்லை. யமஹா பசிஃபிக்கா, ஸ்குவையர், ஐபனேஸ் ஜியோ ஆகிய மூன்றுக்குள் தேடினால் நடுத்தர விலைக்கு நம்பிக்கையான கருவி அமையும். பாவித்ததும் வாங்கலாம். நெக் வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நீளப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாக் கம்பியையும் அழுத்தி மீட்டுங்கள். கையிலுள்ள காசு முழுவதையும் கிற்றாரிலேயே போட்டுவிடாதீர்கள். அம்பிளிபயர், வயர், உறை, கம்பி மாற்றிச் சீர்செய்யும் கூலி எல்லாம் இருக்கிறது. உறையும் துணி உறையாக இருக்கட்டும். பெட்டி எடுத்தால் கிற்றாருக்குச் சமமான இன்னொரு பாரம். முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிளில் அதைக் கொண்டுபோக முடியாது.

7. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. கிற்றாரைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஈரத்தால் நெக் வளைந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். அதைத் தெரிந்தவரிடம் ஒரு தடவை பார்த்துப் பழகிக்கொண்ட பிறகே செய்யுங்கள்.

8. மேடையில் ஜெனரேற்றர் மின்சாரம் என்றால் எர்த் வயரும் ட்ரிப் சுவிச்சும் இருக்கின்றனவா என்று கேட்காமல் வாசிக்க ஏறாதீர்கள். கிற்றாரின் கம்பிகள் அம்பிளிபயரின் எர்த்தோடு இணைந்தவை. கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் உயிரே போகக்கூடும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

9. கனடாவிலிருந்து மாமா, சித்தி வருகிறார்கள் என்றால் கிற்றாரைக் கேளுங்கள், எடையையும் நிறுத்துச் சொல்லச் சொல்லுங்கள். அம்பிளிபயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. அதை இங்கேயே வாங்குங்கள்.