பத்து நிமிடமும் ஒரு ஷவலும்

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தது நினைவிருக்கும். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள், சுமார் 25 அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் காலமானார். அந்தச் செய்தியிலிருந்து பலர் மனத்தில் தங்கிவிட்ட ஓர் எண்ணத்தில் தொடங்கலாம்.

நம்பிக்கை: பனிக்குள் சிக்கியவர் நாள்கணக்கில் தாக்குப்பிடிப்பார். மீட்புப் படை வந்து எடுத்துவிடும்.

உண்மை: ஹனுமந்தப்பா இருந்தது கூடாரத்துக்குள். மூச்சுக்குக் கொஞ்சம் காற்று தங்கியிருந்தது. வெட்டவெளியில் ஸ்கீ ஓட்டும்போது சிக்குகிறவருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை நடந்த விபத்துகளை அலசிய ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. முழுதும் புதைந்து, பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் பத்துக்கு மூன்று பேர்தான். பெரும்பாலும் ஆளைக் கொல்வது குளிர் அல்ல, மூச்சுத்திணறல். காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா என்னும் கம்பிவட வண்டி ஏறி அபர்வத் மலையில் இறங்கி, பனிச்சறுக்கு ரோந்துப் படையின் எல்லையைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய மீட்புப் படை ஒன்றே ஒன்று: கூட வந்தவர்கள்.

நம்பிக்கை: புதைந்தவர் இருக்குமிடத்தைச் சமிக்ஞை மூலம் காட்டும் டிரான்சீவர் நல்லதாக இருந்தால் போதும். பனி பஞ்சு மாதிரி. எந்த ஷவலும் அள்ளிவிடும்.

உண்மை: டிரான்சீவர் வாங்க மாதக்கணக்கில் ஆராய்கிறவர்கள், பில் போடப் போகிற வழியில் கைக்கு வந்த ஷவலைக் கூடையில் போடுகிறார்கள். பழகிய கைக்கு ஆளைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். மீட்பில் அதிக நேரத்தைத் தின்பது தோண்டும் வேலைதான்.

சரிந்து வரும் பனி ஒன்றோடொன்று மோதிப் பொடியாகிறது, உராய்வில் லேசாகச் சூடேறுகிறது. நின்ற மாத்திரத்தில் அந்தப் பொடி ஒட்டி இறுகிவிடுகிறது. மழையில் நனைந்து கட்டிப்போன சிமெண்ட் மூட்டையைக் குத்திப் பார்த்தவருக்கு இது புரியும். இப்படி இறுகிய பனியில் ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ வரை இருக்கும். பிளாஸ்டிக் தகடு அதில் பட்டால் வளைந்து துள்ளும். குளிரில் உடைந்தும் போகும். வாசலில் புதுப்பனி தள்ள அது போதும், இந்த வேலைக்கு ஆகாது. கட்டியை அறுத்துப் பெயர்க்க அலுமினியத் தகடு வேண்டும். பூட்ஸ் வைத்து மிதிக்க அதன் மேல் விளிம்பு தட்டையாக இருக்க வேண்டும். சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் 156ஆம் எண் தரம் பனிச்சரிவு ஷவலுக்கென்றே வகுக்கப்பட்டது; அந்தக் குறி இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

நம்பிக்கை: எடை குறையக் குறைய நல்லது. தகடு பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

உண்மை: இரண்டுமே அரை உண்மை. முதுகில் இருநூறு கிராம் மிச்சம் பிடித்து, தோண்டும்போது காம்பு வளைந்தால் என்ன லாபம்? பெரிய தகடு அதிகம் அள்ளும், ஆளைச் சீக்கிரம் சோர்வடையவும் செய்யும். உங்கள் தோள் பத்து நிமிடம் விடாமல் தூக்கக்கூடிய அளவே சரி.

காம்பு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இழுத்து நீட்டக்கூடியதாக இருக்க வேண்டும்; குட்டைக் காம்பு முதுகை ஒடித்துவிடும். பிடி ஆங்கில எழுத்து ‘டி’ போல வளையமாக இருந்தால் தடித்த கையுறையோடும் கை நுழையும். சில ஷவல்களில் தகட்டைக் குறுக்கே திருப்பி மாட்டலாம், அச்சு அசல் மண்வெட்டி! முட்டி போட்டபடி பனியைப் பின்னால் இழுத்துத் தள்ள இது அருமையான வசதி.

நம்பிக்கை: நாலு பேருக்கு ஒரு ஷவல் போதும்.

உண்மை: ஷவல் வைத்திருப்பவரே புதைந்துவிட்டால்? ஆளுக்கொன்று, அதுவும் பையின் உள்ளே. வெளியே கட்டித் தொங்கவிட்டதைச் சரிவு பிய்த்துக்கொண்டு போய்விடலாம்.

நம்பிக்கை: ஆள் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே நின்று தோண்ட வேண்டும்.

உண்மை: கூடவே கூடாது. மேலே மிதித்தால் கீழே மிச்சமிருக்கும் காற்றிடமும் நசுங்கும். பனியைக் குத்தித் தேடும் புரோப் கம்பி ஆள்மேல் தட்டியதும் அதை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கமாக இறங்கி நில்லுங்கள். ஆழம் ஒரு மீட்டர் என்றால் கம்பியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தொடங்கி உள்நோக்கிக் குடைந்து போக வேண்டும். பனியைத் தலைக்கு மேல் வீசாமல் பின்னால் தள்ளினால் போதும். ஆட்கள் இருந்தால் ஆப்பு வடிவில் நின்று, முன்னால் இருப்பவரைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

சொந்தமோ வாடகையோ, ஷவல் கைக்கு வந்ததும் கையுறையைக் கழற்றாமல் அதைப் பூட்டிப் பாருங்கள். பிறகு இறுகிய பனி எங்கேனும் கிடைத்தால், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மீட்டர் ஆழம் தோண்டிப் பாருங்கள்.