அளவு அறிந்து வாங்குவோம்

திருவிழா வருகிறது. பள்ளிக்கூடம் திறக்கிறது. வீட்டில் கல்யாணம் நடக்கிறது. அப்போது நாம் புதுத் துணி எடுக்கிறோம். செருப்பு வாங்குகிறோம்.

கடையில் நிறம் பார்க்கிறோம். விலை கேட்கிறோம். பேரம் பேசுகிறோம். அளவை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறோம். போட்டு நடக்கப் போவது யார்? நாம்தானே!

சட்டையிலும் செருப்பிலும் எண் போட்டிருக்கிறார்கள். இப்போது நமக்கு எண் படிக்கத் தெரியும். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை? பார்ப்போம்.

சட்டை எண்

ஆண்கள் சட்டையின் கழுத்துப் பட்டையில் 38, 40, 42 என்று எண் இருக்கும். சில சட்டைகளில் 40 என்றால் மார்புச் சுற்றளவு. அது அங்குலக் கணக்கு. வேறு சில சட்டைகளில் 40 என்றால் கழுத்துச் சுற்றளவு. அது சென்டிமீட்டர் கணக்கு. எண் ஒன்றுதான். ஆனால் அளப்பது வேறு வேறு இடம்.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளும் இருக்கும். எஸ் என்றால் சிறியது. எம் நடுத்தரம். எல் பெரியது. ஒரு கம்பெனியின் எம் அளவு, இன்னொரு கம்பெனியின் எல் அளவுக்கு இருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பக் கூடாது. உடம்பை அளக்க வேண்டும்.

தையற்காரர் வைத்திருக்கும் டேப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் அங்குலம். மறு பக்கம் சென்டிமீட்டர். 1 அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர். மார்பின் அகன்ற பகுதியைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம். வந்த எண்ணை எழுதி வையுங்கள்.

சட்டையைப் போட்டுப் பாருங்கள். தோள் தையல் தோளின் முனையில் நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். குனியுங்கள். உட்காருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது.

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். தைக்கக் கொடுக்கும் முன் துணியை நனைத்துக் காய வையுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் துணியும் வீண். கூலியும் வீண்.

இடுப்பு நாடா

சேலை நழுவாமல் இருக்க உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். நாள் முழுவதும் அதே இடத்தில் நாடா உரசுகிறது. வியர்வையும் சேருகிறது. இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துப் போகிறது. அரிக்கிறது. சிலருக்குப் புண் ஆகிறது. "இது எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று விட்டுவிடுகிறோம்.

2024ஆம் ஆண்டில் மகாராஷ்டிரா, பீகார் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. இடுப்பில் வந்த புண் 18 மாதங்கள் ஆகியும் ஆறவில்லை. சோதித்தபோது அது தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. பல ஆண்டுகள் இறுக்கிக் கட்டியதே காரணம் என்று மருத்துவர்கள் கூறினார்கள்.

பயப்பட வேண்டாம். இது மிகச் சிலருக்கே வருகிறது. ஆனால் கவனம் தேவை.

நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள். மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலும் கீழும் மாற்றுங்கள். வீட்டில் இருக்கும்போது தளர்வான உடை உடுத்துங்கள். புண் ஆறாவிட்டால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செருப்பு எண்

ஒரு செருப்புக் கடை. ஓர் அம்மா தன் மகனுடன் வந்திருக்கிறார். மகன் இரண்டாம் வகுப்பு.

அம்மா: பையனுக்குப் பள்ளிக்கூடத்து ஷூ வேணும் அண்ணே.

கடைக்காரர்: இந்தாங்க அக்கா, 13ஆம் நம்பர்.

அம்மா: போட்டுப் பாருடா. விரல் இடிக்குதா?

மகன்: ஆமாம்மா, முன்னால இடிக்குது.

அம்மா: அப்போ 14 எடுங்க அண்ணே.

கடைக்காரர்: 14 கிடையாது அக்கா. சின்னப் பிள்ளைங்க நம்பர் 13ஓட முடிஞ்சிடும். அடுத்தது பெரியவங்க நம்பர். மறுபடி 1ல இருந்து ஆரம்பிக்கும். பேசாம 3 வாங்கிக்கோங்க. ரெண்டு வருஷம் போடலாம்.

அம்மா: பெரிசா இருந்தா குதிகால் கழன்று வரும். ஓடும்போது விழுந்திடுவான். 1 எடுங்க. போட்டுப் பார்க்கலாம்.

1ஆம் எண் சரியாக இருந்தது. நீளமான விரலுக்கு முன்னால் சுமார் அரை அங்குலம் இடம் இருந்தது. குதிகாலும் கழலவில்லை.

இந்த எண்கள் இங்கிலாந்து முறையில் வந்தவை. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஐரோப்பிய முறை வேறு. அதனால் ஒரே செருப்பில் 8 என்றும் 42 என்றும் இரண்டு எண்கள் இருக்கலாம். குழம்ப வேண்டாம்.

இந்த எண் நீளத்தைத்தான் சொல்கிறது. அகலத்தைச் சொல்வதில்லை. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. 2021 டிசம்பரில் தொடங்கி 2022 மார்ச் வரை அந்த வேலை நடந்தது. ஐரோப்பியர் பாதத்தைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரிந்தது. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

பாதத்தை நாமே அளக்கலாம்

1. மாலையில் அளங்கள். நடந்து வேலை செய்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும்.

2. தரையில் தாளை விரித்து அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்தபடி அளக்க வேண்டாம். நின்றால்தான் பாதம் முழுவதும் விரியும்.

3. பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள்.

4. இரண்டு பாதங்களையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. பெரிய பாதத்துக்கு ஏற்ற செருப்பை வாங்குங்கள்.

5. செருப்பை அந்தப் படத்தின்மேல் வையுங்கள். பென்சில் கோடு வெளியே தெரிந்தால் செருப்பு சிறியது.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்பார்கள். தோல் செருப்பு கொஞ்சம் இளகும். ஆனால் நீளம் கூடாது. கடையிலேயே கடித்தால் வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

சர்க்கரை நோய் நாளானால் பாதம் மரத்துப் போகலாம். செருப்பு கடிப்பது தெரியாது. சிறு புண் பெரிதாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலையும் வரலாம். தினமும் இரவில் பாதத்தின் அடியைப் பாருங்கள். கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். காலை விடும் முன் ஷூவுக்குள் கையை விட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். வெறுங்காலுடன் நடக்காதீர்கள்.

பயிற்சி

1. உங்கள் செருப்பில் உள்ள எண்ணைப் படித்து எழுதுங்கள்.

2. குழந்தைகள் எண் 13க்கு அடுத்த எண் எது?

3. உள்பாவாடை நாடாவை ஏன் தளர்த்திக் கட்ட வேண்டும்?

4. வீட்டில் உள்ள எல்லாருடைய பாதத்தையும் தாளில் வரையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயரையும் நீளத்தையும் எழுதுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.