சம உயரக் கோடு இல்லாத ஊர்: பழவேற்காட்டில் ஒரு நிலவரைபடப் பாடம்

நிலவரைபடப் பாடத்தில் நாம் பெரும்பாலும் மலைப்பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். சம உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மென்சரிவு. பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் கிராமப் பள்ளியில் கற்பிக்கும் எனக்கு இது போதவில்லை. எங்கள் ஊர் வரைபடத்தில் அந்தப் பழுப்புக் கோடுகளைக் காண்பதே அரிது.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. வழக்கமாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. எங்கள் கரையோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே. ஆனால் இங்கே ஒரு முழ உயரம்கூடப் பெரிது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடல்நீர் வரத்து குறைகிறது; மீனும் இறாலும் குறைகின்றன; படகு கடலுக்குப் போக முடிவதில்லை.

ஆகவே பாடத்தை மூன்று செயல்பாடுகளாக அமைத்தேன்.

செயல்பாடு 1: வரைபடத்தில் ஆரணி ஆறு, பக்கிங்காம் கால்வாய், முகத்துவாரம், கலங்கரை விளக்கம் ஆகியவற்றைக் கண்டறிதல். நூலால் தொலைவை அளந்து, அளவையைக் கொண்டு கிலோமீட்டராக மாற்றுதல்.

செயல்பாடு 2: படகு தள்ளும் கழியில் 20 செ.மீ.க்கு ஒரு வண்ணக் குறி. ஏரியில் அளப்பவர்கள் பெற்றோர். மாணவர் கரையில் பதிவு செய்வர். ஓதத்தால் நீர்மட்டம் மாறுவதால் நாளும் நேரமும் கட்டாயம். சம ஆழமுள்ள இடங்களை இணைத்தால் அதுவே சம ஆழக் கோடு.

செயல்பாடு 3: பெரியவர்களைக் கேட்டு, பாடு முறையில் முறைவைத்து வலையிடும் இடங்களையும், முகத்துவாரம் முன்பு இருந்த இடத்தையும் குறித்தல்.

மூன்றையும் ஒரே தாளில் வைத்தபோது, “மேப்ல வெறும் நீலமா இருந்த இடம் எங்க தாத்தாவுக்குப் பத்து இடம் சார்” என்றான் ஒரு மாணவன். அச்சிட்ட வரைபடம் அளந்த ஆண்டின் நிலையையே காட்டும் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1802இல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தே பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அளந்து, பதிந்து, சரிபார்க்கும் அதே முறையைத்தான் மாணவரும் கையாள்கின்றனர்.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா போதும்: “அடுத்த ஆண்டு இந்தப் படத்தில் எதைத் திரும்ப அளக்க வேண்டும், ஏன்?” ஏரி இல்லாத ஊர் ஆசிரியர்கள் கண்மாயையோ ஓடையையோ கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.