எழுதும்போதே சொல்லுங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பார்வையில்லாத மாணவி ஒருத்தியும் அந்த வகுப்பில் படிக்கிறாள். "அவளுக்கு எப்படி சார் கணக்கு நடத்துறீங்க?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பலகையில் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

'இதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் இது வரும்' என்றால் அவளுக்கு எதுவும் போய்ச் சேராது. பின்னங்களில் இன்னும் கவனம் வேண்டும். 'எக்ஸ் கூட்டல் ஒன்று பை இரண்டு' என்று சொன்னால், இரண்டு எதற்குக் கீழே இருக்கிறது? 'தொகுதியில் எக்ஸ் கூட்டல் ஒன்று, பகுதியில் இரண்டு' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இப்படிச் சொன்னால் கடைசி பெஞ்சுக்கும் பாடம் தெளிவாகப் புரிகிறது.

வடிவியலுக்கு அட்டையும் நூலும் ஃபெவிகாலும் போதும். முக்கோணத்தின் பக்கங்களில் நூலை ஒட்டி, முந்தைய நாளே காயவைத்துவிடுவேன். நடுக்கோட்டுக்குச் சணல், தடவும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரே அட்டையில் எல்லாக் கோடுகளையும் திணித்தால் விரல் குழம்பும். அவள் கையைப் பிடித்து இழுத்து வைக்காதீர்கள். 'உச்சி மேலே இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள், அவளே கண்டுபிடிப்பாள்.

பிரெயில் சட்டத்தில் குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். எழுதியதைச் சரிபார்க்கத் தாளைக் கழற்றியாக வேண்டும். அந்த நேரத்தை மெத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

குறைபார்வை உள்ள பிள்ளைகள் என்றால் உடனே முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறோம். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தால் முதல் பெஞ்சும் வீண்தான். எங்கிருந்து நன்றாகத் தெரிகிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே சொல்லப்பட்டவை. ஆனால் ஒரு கணக்கை வரிவரியாகச் சொல்லி எழுதவைப்பது பழகினால்தான் வரும். வகுப்புத் தேர்விலேயே அந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள்.

'எங்களிடம் வசதியில்லை, சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்' என்று எந்தப் பெற்றோரையும் திருப்பி அனுப்பாதீர்கள். வட்டார வளமையத்தில் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். அடுத்த மாதப் பாடத்தின் படங்களை இந்த மாதமே அவரிடம் கொடுத்துவையுங்கள்.