சபையிலே மாற்றம் வரும்போது நாலு பக்கமும் பாருங்கள்

வேதபகுதி: அப்போஸ்தலர் 6:1-7



சபையிலே ஒரு மாற்றம் என்றால் உடனே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. நம்ம களியக்காவிளை எல்லையிலே தமிழ்ப் பாட்டு எத்தனை, மலையாளப் பாட்டு எத்தனை என்பதே ஒரு வழக்கு! "பழையபடி போகட்டும்" என்பார் ஒருவர். "எல்லாத்தையும் மாத்தணும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் தாங்கள் நிற்கிற இடத்திலிருந்தே பார்க்கிறார்கள்.

எருசலேம் சபையிலும் இப்படித்தான். கிரேக்கு பேசினவர்களுடைய விதவைகள் அன்றாடப் பந்தியிலே விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழும்பிற்று. அப்போஸ்தலர் யாரையும் அதட்டவில்லை. அவர்கள் செய்ததைக் கவனியுங்கள்.

1. ஒழுங்கு. பிரசங்கமும் பந்தியும் 12 பேராலே ஒருசேரப் பார்க்க முடியாது. வேலையைப் பிரித்தார்கள்.

2. மனுஷர். பசித்தவள் ஒரு விதவை. அவளுடைய குறையை உண்மையென்று ஏற்றுக்கொண்டார்கள்.

3. அதிகாரம். ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பைச் சபையார் கையிலே கொடுத்தார்கள். ஏழும் கிரேக்கப் பேர்கள்! குறை சொன்ன பக்கத்தாருக்கும் பொறுப்பு கிடைத்தது என்று எண்ண இடமுண்டு.

4. அடையாளம். ஜெபம்பண்ணி அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். சோறு விளம்புகிறதும் ஊழியமே என்று எல்லாரும் கண்ணாலே கண்டார்கள்.

இதிலே ஒரு பக்கம் விட்டுப்போனாலும் மாற்றம் நிலைக்காது.

நம்ம நாட்டிலே நடந்ததையும் பாருங்க. 1919 மே மாதம் தரங்கம்பாடியிலே ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூடி, ஒரே சபையாவதைக் குறித்துப் பேசினார்கள். இந்தியரிலே முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாகிய அசரியா முன்நின்றார். பின்பு மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். நம்ம பகுதியின் பழைய லண்டன் மிஷன் சபைகள் ஐக்கிய சபையிலே இருந்தன.

"பிஷப் வந்தால் ஊர்ச்சபையின் சுயாதீனம் போய்விடுமே" என்பது ஒரு பக்கத்தின் பயம். "பிஷப் கைவைக்காதவர் திருவிருந்து கொடுப்பது எப்படி?" என்பது மறுபக்கத்தின் பயம். இரண்டும் உண்மையான பயம்தான். அதனாலே பேச்சு 28 வருஷம் நீண்டது.

முடிவு என்ன? ஏற்கெனவே ஊழியராயிருந்தவர்களுக்கு மறுபடி பட்டம் வேண்டாம். இனி வருகிறவர்களுக்குப் பிஷப்மார் கைவைப்பார்கள். ஒரு சபைக்கு மனமில்லாத ஊழியரையும் ஆராதனை முறையையும் அதன்மேல் திணிக்கக்கூடாது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலே தென்னிந்தியத் திருச்சபை உண்டாயிற்று. அசரியா அந்த நாளைக் காணவில்லை, 1945-லே மரித்துப்போனார். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் விசுவாசிகள் அநேகர் அன்று சேரவுமில்லை. எல்லாப் பக்கமும் பார்த்தாலும் எல்லாரும் சம்மதிப்பார்கள் என்றில்லை. ஆனாலும் ஒருவருடைய பயத்தையும் அற்பமாய் எண்ணாததினாலே பெரிய ஒரு காரியம் நடந்தது.

நம்முடைய உபதேசம் வேறு. ஆனாலும் இந்தப் பொறுமையை நாம் கற்றுக்கொள்ளலாமே!

அடுத்த தடவை சபையிலே ஒரு மாற்றம் பேசப்படும்போது இதைச் செய்யுங்க. உங்களுக்குப் பிரியமில்லாத பக்கத்தின் நியாயத்தை நீங்களே எழுந்து சொல்லுங்க. அந்தப் பக்கத்தார் "ஆமா, இதைத்தான் நாங்க சொல்லுறோம்" என்று தலையாட்டும்வரைக்கும் தீர்மானப் புத்தகத்திலே எழுதாதிருங்கள். பாஸ்டரும் மூப்பரும் முதலாவது இதைச் செய்தால், வாலிபர் தானாய்ச் செய்வார்கள்.

விதவைகளின் காரியம் சீரானபின்புதான் எருசலேமிலே வசனம் பரவி, சீஷர் தொகை பெருகிற்று என்று 7-ம் வசனத்திலே வாசிக்கிறோம். முறுமுறுப்பைச் சரியாய்க் கேட்ட சபைக்கு அதுவே எழுப்புதலின் வாசலாயிற்று.

சிந்திக்க:
1. நம்ம சபையிலே "பந்தியில் விடுபட்டவர்கள்" யார்?
2. நாலு பக்கத்திலே நீங்கள் எப்போதும் மறந்துபோகிற பக்கம் எது?
3. இந்த வாரம் யாருடைய குறையைப் போய்க் கேட்பீர்கள்?

கர்த்தர் நமக்குக் கேட்கிற செவியைத் தருவாராக. ஆமென்.